எந்த வெள்ளம்?

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா வருகிறதாம். மலர் ஒன்று போடுகிறோம், அதில் 'மேனேஜர் கந்தப்பன் ஐயாவின் கொடையுள்ளம்' என்று நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று விழாக்குழுவிலிருந்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேருமே என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்தவர்கள். வீடு தேடி வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் குடித்து முடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கந்தப்பனைப் பத்தி எழுத எனக்குக் கை வராது. முத்தாத்தாளைப் பத்தி எழுதித் தர்றேன். போடுவீங்களா?" என்றேன்.

"எந்த முத்தாத்தாளுங்க டீச்சர்?" என்றான் ஒருவன்.

அவன் நாலு வருஷம் முத்தாத்தாள் கையால் உப்புமா வாங்கித் தின்றவன். இன்னொருவனுக்கு ஞாபகம் வந்தது. "அட, உப்புமாக்காரியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அப்புறம் மலரில் இடம் குறைவு என்றார்கள், விளம்பரமெல்லாம் நிறைய வந்துவிட்டது என்றார்கள். சரி, போய் வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மலரில் இடம் இல்லாவிட்டால் போகிறது. இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கந்தப்பனை 'அவர்' என்பதும், உப்புமா கிண்டுகிற முத்தாத்தாளை 'அவள்' என்பதும் எங்கள் ஊர் வழக்கம். நானும் வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான் பேசினேன். இதில் மாற்றித்தான் எழுதப் போகிறேன். படிக்கிறவர்களுக்கு உறுத்தினால் உறுத்தட்டும்.

ஆனைகட்டிக்கு மேற்கே, அட்டப்பாடி மலைக்குள் எங்கள் ஊர். கிழக்கே சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. ஊரில் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். சர்க்கார் பேசுவது மலையாளம். கடலையும் பருத்தியும் போட்டுப் பிழைக்கிற சனம். கந்தப்பனுக்கு அங்கே நிலபுலம் அதிகம். அவன்தான் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தான். கேரளத்தில் இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களுக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார், வாத்தியாரை நியமிப்பது மேனேஜர். அதனால் ஹெட்மாஸ்டர் ஆறுச்சாமி முதல் கடைசியாகச் சேர்ந்த நான் வரைக்கும் எல்லோரும் அவனைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு அவன் தானமாகக் கொடுத்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடையுள்ளம் அங்கேதானே தெரியும்? முன்பக்கம் ரோடு, பின்பக்கம் பள்ளம். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். நடுவில் கிடந்த கல்லாங்காடு, கொள்ளுகூட விளையாத பூமி, அதுதான் தானம். பள்ளத்தின் கரை ஆள் உயரத்துக்கு மேல். அதில் ஒரே ஒரு இடத்தில் மாட்டு வண்டி இறங்குகிற அளவுக்கு வெட்டிவிட்ட வழி இருந்தது. பள்ளத்துக்கு அக்கரையில் கந்தப்பனின் கடலைக்காடு. அவன் வண்டி பள்ளிக்கூடத்து வாசலில் நுழைந்து, பிள்ளைகள் விளையாடுகிற மைதானத்தை ஊடறுத்து, அந்த வழியாக இறங்கி அக்கரைக்குப் போகும், வரும். மதில் இல்லை, வேலி இல்லை. கிணறும் இல்லை. மத்தியானம் உப்புமா தின்ற பிள்ளைகள் வட்டல் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் அதே வழியில்தான் பள்ளத்துக்கு இறங்க வேண்டும்.

பள்ளம் பார்க்கச் சாதுவாக இருக்கும். கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் மணல், மீன்குஞ்சு. ஆனால் மேற்கே மலையில் மழை கொட்டினால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே செந்தண்ணீர் வந்து சேரும். முதலில் சத்தம் வரும். சத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம்தான் இருக்கும்.

முத்தாத்தாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம், முரட்டுக் கை, வாயில் எப்போதும் புகையிலை. பெரிய இரும்புச் சட்டியில் அமெரிக்காக்காரன் அனுப்பின மஞ்சள் மாவை வறுத்து உப்புமா கிண்டுவது அவர் வேலை. அவரைத் தெய்வம் என்று நான் சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. பிள்ளைகளைக் கரண்டிக் காம்பால் பின்னந்தொடையில் போடுவார். சர்க்கார் எண்ணெயில் கொஞ்சம் சேலை மடிப்பில் ஒளிந்து அவர் வீட்டுக்குப் போகும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பள்ளத்து விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வகுப்பு இறங்கி ஏறின பிறகுதான் அடுத்த வகுப்பு இறங்க வேண்டும். அதுவரை இவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பார். நிற்கிறவர் பிள்ளைகள் பக்கம் திரும்பவே மாட்டார். முகம் மேற்கே, தண்ணீர் வருகிற திசையில் இருக்கும்.

நான் 1976இல் வேலையில் சேர்ந்த புதிதில், "ஏனுங்க அக்கா, புள்ளைங்களைப் பார்க்காம மலையைப் பார்த்துட்டு நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"புள்ளைங்களைப் பார்த்து என்னத்தைப் பண்றதுங்க டீச்சர்? அதுக எங்க போகும்? வாரது அங்கிருந்துதானே வரோணும்" என்றார்.

அந்த நேரத்தில் வண்டி வந்தால் நிறுத்திவிடுவார். பிள்ளைகள் மேலே ஏறும்வரை அக்கரையிலோ மைதானத்திலோ வண்டி நிற்க வேண்டும். வண்டிக்காரர் கருப்புசாமி நல்ல மனுஷர், நிறுத்திப் பீடி பற்றவைத்துக்கொள்வார். வண்டியில் கந்தப்பன் இருந்தால்தான் தகராறு. அவன் பள்ளிக்கூடத்தில் அவன் வண்டியை ஒரு உப்புமாக்காரி நிறுத்துவதா என்று அவனுக்குப் பொறுக்காது. வழியை மறித்து அவர் போட்டிருந்த வேலமுள்ளை இரண்டு தடவை அவனே ஆள் விட்டு எடுத்து எறிந்தான். மூன்றாம் தடவையும் முள் வெட்டி வந்து போட்டார்.

நான் வருவதற்கு முந்தின வருஷம் நடந்தது ஒன்று உண்டு. மண்ணார்க்காட்டிலிருந்து கல்வி ஆபீசர் ஜீப்பில் வந்திருக்கிறார். அட்டப்பாடிக்குள் ஆபீசர் வருவது அமாவாசைக்கு அமாவாசை நடக்கிற காரியம் இல்லை. முத்தாத்தாள் ஊருக்குள் ஓடி, பெற்றவர்கள் பத்து இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கிணறு வேண்டும், பின்னால் மதில் வேண்டும், பிள்ளைகள் பள்ளத்துக்கே இறங்கக் கூடாது. கேட்க நினைத்தது அவ்வளவுதான். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்குச் சந்தை மலையாளம். நடுவில் நின்றது இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிற கந்தப்பன்.

ஆபீசர் மலையாளத்தில் கேட்டாராம், இங்கே குழந்தைகளுக்கு வெள்ளம் எப்படி என்று. முத்தாத்தாள் முன்னால் போய்க் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறார்:

"பள்ளத்துல வெள்ளம் வருதுங்க சாமி. நெறைய வெள்ளம் வருதுங்க."

ஆபீசர் தலையாட்டினார். கந்தப்பனைப் பார்த்தார். கந்தப்பனும் தலையாட்டினான். ஆபீசர் சிரித்துக்கொண்டே, நல்லது, நல்லது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆபீசரே நல்லது என்றுவிட்டார், கிணறும் மதிலும் வந்துவிடும் என்று சனம் நம்பியது. மாதம் போனது. கேட்டதற்கு, "சர்க்கார் காரியம் மெதுவாத்தான் நடக்கும். எமர்ஜென்சி நேரம், கூட்டம் கூடிட்டு வந்து நிக்காதீங்க, உள்ள புடிச்சுப் போட்டுருவாங்க" என்றான் கந்தப்பன். சனம் வாயை மூடிக்கொண்டது. முத்தாத்தாள் மட்டும் முள்ளை வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அது நடந்தது. என் வகுப்பில் மயிலாத்தாள் என்று ஒரு சிறுமி. மயிலு என்று கூப்பிடுவோம். அம்மா சுப்பாத்தாள் கந்தப்பனின் காட்டில் கூலிக்குப் போகிறவர். மயிலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. உப்புமாவை வட்டலில் வாங்கியதும் நடுவில் விரலால் ஒரு குழி பறித்து, சுற்றியிருப்பதைத் தின்றுவிட்டு, குழியை மட்டும் கடைசி வரைக்கும் வைத்திருப்பாள். என்ன அது என்று கேட்டால் அதுதான் கிணறு என்பாள்.

அன்றைக்கு எங்கள் வகுப்பு கடைசியாக இறங்கியது. நான் கரைமேல் நின்றேன். இங்கே நல்ல வெயில். மேற்கே மலைமேல் மட்டும் கருப்பாக இருந்தது. அக்கரையில் கடலை மூட்டை ஏற்றின வண்டி வந்து நின்றது. முன்னால் கந்தப்பன் உட்கார்ந்திருந்தான்.

"நிறுத்து கருப்புசாமி. புள்ளைங்க மேல ஏறட்டும்" என்று முத்தாத்தாள் தண்ணீருக்குள் நின்றபடியே குரல் கொடுத்தார்.

கருப்புசாமி கயிற்றை இழுத்துப் பிடித்தார். கந்தப்பன் அண்ணாந்து மலையைப் பார்த்தான். "மழை எறங்குது. கடலை நனைஞ்சா நீயா குடுப்ப? ஓட்றா" என்றான்.

ஓட்டச் சொன்னது கந்தப்பன் என்பதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு அவன் எல்லாப் பழியையும் கருப்புசாமியின் தலையில் கட்டப் பார்த்தான். நான் கரைமேல் நின்று என் காதால் கேட்டேன்.

வண்டி தண்ணீரைக் கடந்து, வெட்டுவழியில் ஏறி, பாதியில் சகதியில் அழுந்தி நின்றது. வழி முழுக்க வண்டி. பிள்ளைகள் கீழே. காளைகளை அடிக்கிறார்கள், வண்டி அசையவில்லை. அப்போதுதான் சத்தம் கேட்டது.

முத்தாத்தாள் ஒரு கணம்கூட நிற்கவில்லை. கையில் அகப்பட்ட பிள்ளையைப் பிடித்து வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தள்ளினார். "குனிஞ்சு ஓடுங்க, வெசையா, வெசையா" என்று கத்தினார். நான் மேல்பக்கத்தில் மண்டியிட்டு, தவழ்ந்து வந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் வந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கந்தப்பன் வண்டியிலிருந்து குதித்து, "காளையை அவுருடா, காளையை அவுரு" என்று கத்தினான். அவிழ்த்தார்கள். காளைகள் மேலே பாய்ந்தன. தாங்க ஆள் இல்லாத வண்டி முன்பக்கமாகக் குப்புற விழுந்து அமர்ந்தது. பிள்ளைகள் வந்த வழி அடைந்துவிட்டது.

நாலைந்து பேர் அந்தப் பக்கம் மிச்சம். முத்தாத்தாள் அவர்களைத் தூக்கி மூட்டைமேல் எறிந்தார். கருப்புசாமி மேலிருந்து வாங்கினார். மயிலு கடைசி. தூக்குவதற்கு அவர் குனிந்தபோது தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பேரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. முத்தாத்தாள் ஒரு புங்கமரத்து வேரில் மாட்டிக்கொண்டார். கையில் மயிலுவின் பாவாடை நாடா இருந்தது. மயிலு இல்லை.

அவளை மறுநாள் கீழே வளைவில் எடுத்தோம்.

காளை இரண்டும் பத்திரம். கடலையில் முக்கால்வாசி பத்திரம். ஊர் இழவுக்குக் கந்தப்பனும் வந்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, விதி என்றான்.

விசாரணைக்கு அதே ஆபீசர் வந்தார். ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்தார். வாசலில் ஊரே கூடியிருந்தது. சுப்பாத்தாள் தரையில் உட்கார்ந்திருந்தார்; பிள்ளை தானாக இறங்கிவிட்டது என்று சொல்லச் சொல்லி முந்தின நாளே அவருக்கு ஆள் அனுப்பியிருந்தான் கந்தப்பன். அவர் அப்படியும் சொல்லவில்லை, எப்படியும் சொல்லவில்லை. பேசவே இல்லை. முத்தாத்தாள் விலா எலும்பில் கட்டுப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கத்தில் நின்றார். எனக்கு மலையாளம் தெரியும் என்பதால் ஹெட்மாஸ்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்.

எதற்காக இத்தனை குழந்தைகளைப் பள்ளத்தில் இறக்கினீர்கள் என்று ஆபீசர் கேட்டார். கிணறு இல்லை என்றேன். ஆபீசருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கழிஞ்ஞ கொல்லம் ஞான் வந்நப்போ, இவிடெ இஷ்டம்போலெ வெள்ளம் உண்டென்னு நிங்ஙள்தன்னெயல்லே பறஞ்ஞது?" என்றார். போன வருஷம் நான் வந்தபோது, இங்கே வேண்டிய மட்டும் வெள்ளம் இருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? வெள்ளம் பக்கத்திலேயே வருகிறது, கிணறு எதற்கு? நடுவில் மதிலைக் கட்டிவிட்டால் குழந்தைகள் வெள்ளத்துக்கு எப்படிப் போவார்கள்? அதனால்தான் ரிப்போர்ட்டில் இரண்டையும் நான் எழுதவில்லை என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம்தான், குளிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம்தான். நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போகிறது. பிள்ளைகளை அடித்துக்கொண்டு போக வெள்ளம் வருகிறது என்று இவர் கும்பிட்டுச் சொன்னதை, குழந்தைகளுக்கு நல்ல தண்ணீர் வருகிறது என்று கேட்டுக்கொண்டு அவர் சந்தோஷமாகப் போயிருக்கிறார்.

நான் வெளியே வந்து முத்தாத்தாளிடம் சொன்னேன்.

"டீக்கடைல வெள்ளம்னுதான் கேப்பாங்க, எனக்குத் தெரியாததா டீச்சர்?" என்றார். "பள்ளத்துல தண்ணி வருதுன்னுதானுங்க நாம பேசறது. ஆபீசர்கிட்டப் போயி தண்ணின்னு சொன்னா லேசா எடுத்துக்குவாரேன்னு, கனமா இருக்கட்டும்னு, ரோசனை பண்ணி வெள்ளம்னு சொன்னனுங்க."

அதைச் சொல்லிவிட்டு அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். நேராக உள்ளே போனார். ஆபீசரைப் பார்க்கவில்லை. நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த கந்தப்பனுக்கு முன்னால் போய் நின்றார்.

"மேனேஜருங்க, உங்களுக்கு மலையாளம் நல்லாத் தெரியுமுங்களா?"

"தெரியாம என்ன?"

"அவங்க பாசைல வெள்ளம்னா என்னங்க?"

"தண்ணி."

"நம்ம பாசைல?"

கந்தப்பன் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினான்.

"அன்னிக்கு நான் சொன்னது எந்த வெள்ளமுங்க?"

கந்தப்பன் ஹெட்மாஸ்டரைப் பார்த்தான், ஹெட்மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"அவரு வேற ஒண்ணா நெனைச்சுக்கிட்டாரு. பெரிய ஆபீசர். நடுவுல பூந்து திருத்தறது மரியாதையா?" என்றான்.

மரியாதை. அந்த வார்த்தையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். தெரியும் அவனுக்கு. நின்ற இடத்திலேயே தெரியும். ஒரு வார்த்தை, 'இது தண்ணீர் இல்லை சார், பெருக்கு' என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் மதில் வரும், மதில் வந்தால் அவன் வண்டி அரை மைல் சுற்றிப் போக வேண்டும். அதற்காக ஊரின் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கண்ணெதிரே கெட விட்டுவிட்டு, கூடவே தலையையும் ஆட்டினான்.

ஆபீசர் என்னிடம் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுண்டிப் போனது. அவரையும் முத்தாத்தாள் விடவில்லை. "நீங்க ஜீப்புல ஏறறதுக்கு முந்தி நாலு எட்டு வச்சு அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்திருந்தா, நான் எந்த பாசைல பேசுனாலும் உங்களுக்குப் புரிஞ்சிருக்குமுங்க சாமி" என்றார். நான் அதை ஒரு எழுத்து விடாமல் மலையாளத்தில் சொன்னேன். ஆபீசர் எழுந்து பள்ளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கரையிலேயே ரொம்ப நேரம் நின்றார். அந்த மட்டுக்கும் மனுஷர்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் எவனாவது இரண்டு பக்கமும் பேசினால், "நீ சொல்றது எந்த வெள்ளம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கந்தப்பன் கடைக்குப் போனால் அவன் காதுபடவே கேட்பார்கள். அவனுக்கு வேறு தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. போலீஸ் வந்தது, சாப்பிட்டது, போனது. முத்தாத்தாளை வேலையிலிருந்து நீக்கப் பார்த்தான். அந்தக் கூலிக்கு உப்புமா கிண்ட வேறு ஒருத்தியும் வரவில்லை. கஞ்சத்தனத்திலும் ஒரு நன்மை.

கிணறும் மதிலும் வந்தன. சர்க்கார் பணம். கட்டுகிற வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அவனேதான். 1978இல் கட்டி முடித்து, பள்ளத்துப் பக்கத்து மதிலில், அந்த வெட்டுவழி இருந்த இடத்துக்கு நேராக ஒரு கருங்கல்லைப் பதித்தான். 'உபயம்: மேனேஜர் கந்தப்பன்' என்று அதில் வெட்டியிருந்தது.

கல்லைப் பதிக்கும் முன்பே முத்தாத்தாள் ஹெட்மாஸ்டரிடம் கேட்டிருந்தார், மயிலுவின் பேரை அதில் போடச் சொல்லி. ஹெட்மாஸ்டர் மென்று விழுங்கிக்கொண்டு கந்தப்பனிடம் போய்ச் சொன்னார். "செத்த புள்ள பேரைப் பள்ளிக்கூடத்துச் செவுத்துல எழுதுனா வெளங்குமா?" என்று கேட்டான் அவன். செத்தது எதனால் என்று அவனிடம் திருப்பிக் கேட்க ஹெட்மாஸ்டருக்கு நாக்கு எழவில்லை.

திறப்பு விழா அன்று முத்தாத்தாள் எல்லோருக்கும் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். மறுநாள் காலை நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, கல்லின்மேல் வரிசையாக வரட்டி. பச்சைச் சாணியில் ஐந்து விரலும் பதிய, உபயம் முதல் கந்தப்பன் வரைக்கும் ஒரு எழுத்துத் தெரியாமல் தட்டியிருந்தார்.

"அக்கா, வேற எடமே கெடைக்கலீங்களா?" என்றார் ஹெட்மாஸ்டர், பாவம்.

"உப்புமா அடுப்புக்கு எரிக்க வேணுமில்லீங்களா? வெயில் அங்கதானுங்க நல்லா உழுகுது."

காய்ந்தால் உரித்து எடுப்பார். எடுத்த கையோடு புதிதாகத் தட்டிவிடுவார். கல் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. சேதி கேட்டுக் கந்தப்பனே வந்தான்.

"எம்பேரு மேலயா சாணி தட்டற?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. உங்க பேரா இருக்குது அதுல?" என்று கேட்டார் முத்தாத்தாள். அப்புறம் கையிலிருந்த சாணி உருண்டையைக் கூடையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மயிலு பேரும் அதுல இருந்தாச் சொல்லுங்க, இப்பவே தண்ணி ஊத்திக் கழுவிப் போடறேன். அவ பேரு இல்லாத கல்லுல யாரு பேரும் வேண்டாமுங்க."

சுற்றிப் பெற்றவர்கள் நின்றார்கள். சுப்பாத்தாளும் நின்றார். கந்தப்பன் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு அவன் பின்பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

முத்தாத்தாள் வேலையை விட்ட பிறகும் வரட்டி தட்டுவதை விடவில்லை. கண் மங்கின காலத்திலும் கையால் தடவிக் கல்லைக் கண்டுபிடித்துத் தட்டுவார். கந்தப்பன் செத்தான். சில வருஷம் கழித்து முத்தாத்தாளும் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கேஸ் அடுப்பு வந்தது. கடைசியாகத் தட்டின வரட்டியை எடுக்க ஆள் இல்லாமல் அது கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்தது. அவன் பேர் மூடியே இருந்தது. நான் நிம்மதியாக இருந்தேன்.

விழாக்குழு இப்போது என்ன செய்திருக்கிறது தெரியுமா? ஆசிட் ஊற்றிக் கல்லைத் தேய்த்துக் கழுவி, எழுத்துக்குத் தங்கப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கட்டுரை கேட்டு வந்த அன்று, அதைப் பெருமையாகச் சொன்னவனும் அந்த மூன்று பேரில் ஒருவன்தான். மயிலாத்தாள் என்று ஒரு பிள்ளை இங்கே படித்தது, செத்தது என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நேற்றுக் காலையில் பக்கத்து வீட்டில் போய்ச் சாணி கேட்டேன். "எதுக்குங்க டீச்சர்?" என்றாள் அந்தப் பெண். அடுப்புக்கு என்றேன். என் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒரு சட்டி நிறைய எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குத் தட்டிப் பழக்கம் இல்லை. முதலில் போட்டது நழுவிக் கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அப்புறம் கொஞ்சம் மண் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். நின்றது. உபயம் முதல் கந்தப்பன் வரைக்கும் மூடி முடிக்க வெகுநேரம் ஆனது. கையைக் கழுவிக்கொண்டு வந்து தள்ளி நின்று பார்த்தேன். முத்தாத்தாள் சொன்னது சரிதான். வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது.